மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரி: ஒரு திறனாய்வு

2022-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாளன்று தமிழகத்தில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்டன. இராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல், திருப்பூர், நீலகிரி, நாமக்கல், நாகப்பட்டினம், கிருஷ்ணகிரி, திருவள்ளூர், அரியலூர், கள்ளக்குறிச்சி ஆகிய மாவட்டங்கள் இப்பேறு பெற்றன. இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை உணர வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். இன்றைய தமிழக எல்லைக்குள் முதல் அரசு மருத்துவப் பள்ளி 1835-இல் சென்னையில் தோன்றியது. அடுத்த அரசு மருத்துவக் கல்லூரியாகிய ஸ்டான்லி 1938-இல்தான் வந்தது, அதுவும் சென்னையிலேயே. மதுரை 1954 வரை காத்திருந்தது. திருநெல்வேலியும் செங்கல்பட்டும் 1965-இலும், கோவை 1966-இலும், சேலம் 1986-இலும் தத்தம் கல்லூரிகளைப் பெற்றன. இவ்வாறு சொட்டுச் சொட்டாக வந்தது, 2022-இல் மடை திறந்தாற்போல் வந்தது எனலாம்.

இதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மாவட்ட மருத்துவமனை ஒன்று கற்பிக்கும் மருத்துவமனையாக உயரும்போது அங்கே இரவிலும் மருத்துவர் இருப்பர், ஆய்வுக்கூடம் வளரும், அரியலூரில் விபத்தில் அடிபட்டவரைத் தஞ்சைக்கும் திருச்சிக்கும் தூக்கிக்கொண்டு ஓடும் நிலை குறையும். ஆயினும் மக்களின் வரிப்பணத்தில் இவ்வளவு பெரிய செலவு நடைபெறும்போது ஒரு வினாவை எழுப்பத்தான் வேண்டியிருக்கின்றது. எதை அளந்து இப்பணம் கொடுக்கப்படுகின்றது?

கணக்கை முதலில் பார்ப்போம். மாவட்ட மருத்துவமனைகளோடு இணைத்துப் புதிய கல்லூரிகளை நிறுவும் மைய அரசின் திட்டம் 2014-இல் தொடங்கியது. மூன்று கட்டங்களில் 58, 24, 75 என மொத்தம் 157 கல்லூரிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. கல்லூரி ஒன்றுக்கு முதற்கட்டத்தில் 189 கோடி ரூபாய், இரண்டாம் கட்டத்தில் 250 கோடி, மூன்றாம் கட்டத்தில் 325 கோடி என்று மதிப்பிட்டார்கள். நம் பதினொன்றும் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தவை. 325-ஐ 11-ஆல் பெருக்கினால் 3,575 கோடி வருகின்றது. அதில் 60 விழுக்காடு மைய அரசின் பங்கு. அதாவது 2,145 கோடி. எஞ்சியதை மாநில அரசு ஏற்க வேண்டும். திட்ட மதிப்பீட்டுக்கு மேலாகும் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 கோடி ரூபாயில் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள் உருவாயின.

இப்பணம் எதற்கு? கட்டடத்துக்கு, கருவிகளுக்கு, தளவாடங்களுக்கு. இவை முடிந்தபின் ஆண்டுதோறும் ஆகும் ஊதியச் செலவு மாநிலத்தின் தலையில் விழுகின்றது. இங்கேதான் நம் முதல் மனக்குறை தொடங்குகின்றது.

பேராசிரியர் விளையும் காலம்

பணம் இருந்தால் ஒரு கல்லூரிக் கட்டடத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். ஒரு மருத்துவப் பேராசிரியரை உருவாக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நீங்கள் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? எம்.பி.பி.எஸ். படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சி உள்பட ஐந்தரை ஆண்டுகள். எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று ஆண்டுகள். முதுநிலை உறைவிட மருத்துவராக ஓராண்டு. பிறகு உதவிப் பேராசிரியராக நான்கு ஆண்டுகள், இணைப் பேராசிரியராக மூன்று ஆண்டுகள். கூட்டினால் பதினாறரை ஆண்டுகள். இடையில் ஒரு நாளும் வீணாகாமல், தேர்வில் ஒரு முறையும் தவறாமல், பணி நியமனத்துக்கு ஒரு மாதமும் காத்திராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஆகவே 2022-இல் திறக்கப்பட்ட கல்லூரிக்கென்றே தனியாக ஒரு பேராசிரியர் வேண்டுமானால் அவர் 2005-ஆம் ஆண்டிலேயே முதலாண்டு வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும்.

அப்படி யாரும் திட்டமிடவில்லை. எனவே புதிய கல்லூரிகளுக்குப் பழைய கல்லூரிகளிலிருந்துதான் ஆசிரியர்கள் வர வேண்டியிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு துறையில் பத்துப் பேர் இருந்த இடத்தில் ஏழு பேராகிவிடுகின்றார்கள். புதிய இடத்தில் மூவர் அமர்கின்றார்கள். பட்டியலில் இரு கல்லூரிகளும் நடப்பதாகத் தோன்றும். 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம் தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் குறைபாடுகளைச் சுட்டி விளக்கம் கேட்டு அறிக்கை அனுப்பியது. அக்குறைபாடுகளுள் ஆசிரியர் பற்றாக்குறை முதன்மையானது. இதனை அதிகாரிகளின் கெடுபிடி என்று ஒதுக்கிவிடலாம். பதினாறரை ஆண்டு என்ற கணக்கை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

முதலாண்டு மாணவனுக்குக் கற்பிக்கப்படும் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்களில் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இத்துறைகளில் மேற்படிப்புக்கு வருவோர் குறைவு. காரணம் எளிது. உடற்கூற்றியல் வல்லுநர் மாலையில் தனியாக மருத்துவமனை வைத்து நடத்த இயலாது அன்றோ? 2023-இல் மேற்படிப்பு இடங்கள் நாடெங்கும் காலியாகக் கிடந்தமையால், அவற்றை நிரப்ப நீட் முதுநிலைத் தேர்வின் தகுதி வரம்பையே பூஜ்யத்துக்கு இறக்க நேர்ந்தது. தோல் நோய்க்கும் கதிரியலுக்கும் முண்டியடிக்கும் கூட்டம் ஒருபுறம். ஆளில்லாத பிணவறுப்புக் கூடம் மறுபுறம். கட்டடத்துக்கு 325 கோடி என்று வரையறுத்த திட்டம், இந்தப் பாடங்களைக் கற்பிக்க வருவோருக்கு என்ன ஊக்கம் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பழைய கதை ஒன்று

நம் நாட்டில் மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் போர் குழுவின் அறிக்கையைத் தொட்டுத்தான் பேசுவார்கள். (போர் என்பது யுத்தமன்று, குழுவின் தலைவர் சர் ஜோசஃப் போர்.) 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த இக்குழு, அன்றைய இந்தியாவில் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்று கணக்கிட்டது. பதிவு பெற்ற மருத்துவர்கள் 47,000-க்குச் சற்று மேல். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டதாரிகள் அல்லர்; எல்.எம்.பி. என்னும் குறுகிய காலப் படிப்புப் படித்தவர்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சிற்றூரில் சைக்கிளில் வந்து ஊசி போட்ட ஓர் எல்.எம்.பி. டாக்டரைப் பற்றிச் சொல்லக்கூடும்.

போர் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள், இனி ஒரே தரம், ஒரே பட்டம் என்றார்கள். 'அடிப்படை மருத்துவர்' என்று அவரை அழைத்தார்கள். அவருக்குச் சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சியும் வேண்டும் என்றார்கள். எல்.எம்.பி. படிப்பை இன்னும் சில காலம் நீட்டிக்க வேண்டும், இல்லாவிடில் கிராமங்களுக்கு ஆள் கிடைக்காது என்று சில உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். பெரும்பான்மைக் கருத்தே நிலைத்தது. தரத்தை உயர்த்த வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்ததே. கிராமத்துக் குழந்தைக்கு மட்டும் ஏன் அரைகுறை மருத்துவர் என்ற கேள்வியில் நியாயம் இருக்கின்றது. ஆனால் முழு மருத்துவர் கிராமத்துக்குப் போவார் என்று எதை வைத்து நம்பினார்கள்? அதற்கான விடை அறிக்கையில் அத்துணை வலுவாக இல்லை.

இந்தக் கதை நம் கண்ணெதிரே மீண்டும் ஒருமுறை நடந்தது. அதைப் பலரும் கவனிக்கவில்லை. மகப்பேற்றுக்கு டி.ஜி.ஓ., குழந்தை மருத்துவத்துக்கு டி.சி.எச்., மயக்கவியலுக்கு டி.ஏ. என்று இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகள் நம் கல்லூரிகளில் இருந்தன. வட்ட மருத்துவமனைகளில் பணியாற்றிய சிறப்பு மருத்துவர்கள் பலருடைய பெயர்ப்பலகையில் இந்த எழுத்துகளைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2018-க்குப் பிறகு பட்டய இடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவற்றுக்கு ஈடாக எம்.டி., எம்.எஸ். பட்ட இடங்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்று வழி செய்யப்பட்டது. கல்லூரிகள் அவ்வாறே செய்தன. சில ஆண்டுகளுக்குள் தேசியத் தேர்வு வாரியம் அதே இரண்டாண்டுப் பட்டயங்களை மருத்துவமனைகளில் மீண்டும் தொடங்கியது! இடையில் என்ன புதிய ஞானம் பிறந்தது என்று நமக்குப் புலப்படவில்லை.

அறுவை மேடையைச் சுற்றி நிற்போர்

இந்தப் பட்டயங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். ஒரு வட்ட மருத்துவமனையை எண்ணிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒரு கர்ப்பிணி கொண்டுவரப்படுகின்றாள். பிரசவம் தடைப்பட்டிருக்கின்றது, வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுக்க வேண்டும். இதற்கு மகப்பேற்று மருத்துவர் ஒருவர் போதுமா? போதாது. மயக்க மருந்து கொடுப்பவர் வேண்டும். பிறந்த குழந்தை மூச்சு விடாவிட்டால் கவனிக்கக் குழந்தை மருத்துவர் வேண்டும். இரத்தம் வேண்டும். இந்த நால்வகையில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற மூன்றும் இருந்து பயனில்லை. அவளை ஆம்புலன்சில் ஏற்றி மாவட்டத் தலைநகருக்கு அனுப்ப வேண்டியதுதான். வழியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தைக் கூட்டும்.

தமிழகத்தில் சீமாங் மையங்கள் என்று வழங்கும் மகப்பேறு அவசரச் சிகிச்சை மையங்கள், இந்த நால்வகையையும் ஒரே கூரையின்கீழ் இருபத்துநான்கு மணி நேரமும் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தவை. மயக்கவியல் வல்லுநர் கிடைக்காத இடங்களுக்காக, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கே உயிர்காக்கும் மயக்கவியல் திறனில் குறுகிய காலப் பயிற்சி அளிக்கும் முறையையும் மைய அரசு கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது 18 வாரப் பயிற்சியாக இருந்தது. இதற்கு 325 கோடி தேவைப்படவில்லை.

அதைவிட முக்கியமான ஓர் ஏற்பாடு தமிழகத்தில் பல ஆண்டுகளாக இருந்து வருகின்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கு, மாநிலத்தின் பங்காக உள்ள மேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்குவது அது. இதன் இயக்கம் நுட்பமானது. மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இளம் மருத்துவர் ஒருவர் கிராமத்துக்குப் போவது பெரும்பாலும் கிராமத்தின்மீதுள்ள பற்றினால் அன்று. மேற்படிப்பு வேண்டும்; அதற்கு ஊரகப் பணி ஒரு படிக்கட்டு. அவர் போகின்றார்; நிலையத்தில் மருத்துவர் இருக்கின்றார். பின்பு மேற்படிப்பு முடித்து, அரசுப் பணியில் தொடர வேண்டும் என்ற கட்டுப்பாட்டின்படி திரும்பி வருகின்றார்; மாவட்ட மருத்துவமனைக்குச் சிறப்பு மருத்துவர் கிடைக்கின்றார். அவருடைய தன்னலமே பொதுநலத்துக்கு வாய்க்கால் வெட்டுகின்றது.

2017-இல் இவ்வொதுக்கீடு அன்றைய மருத்துவக் குழுமத்தின் விதிகளுக்கு முரண் என்று நின்றுபோயிற்று. அதற்கு மாற்றாக, தொலைதூரப் பணிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஊக்க மதிப்பெண் தரும் முறையே எஞ்சியது. மருத்துவர் சங்கம் வழக்காடியது. 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுக் காலம் இந்த ஏற்பாடு தொங்கலில் கிடந்தபோது, பொதுமக்களில் எத்தனை பேர் அதை அறிந்தார்கள்? கல்லூரி திறந்தால் தோரணம் கட்டுகின்றோம். கிராமத்துக்கு உண்மையில் மருத்துவரைக் கொண்டுவந்து சேர்த்த விதி ஒன்று அறுந்து தொங்கியபோது நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

யாருக்கு இடம்?

தம் மாவட்டத்தில் கல்லூரி வந்துவிட்டால் தம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றார்கள். அப்படியொரு தொடர்பு சட்டத்தில் இல்லை. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றது. எஞ்சியவை மாநிலம் முழுவதற்குமான தரவரிசையில் நிரப்பப்படுகின்றன. முன்னொரு காலத்தில் சென்னை மாநில அரசு, மக்கள்தொகைக்கேற்ப மாவட்டவாரியாக மருத்துவ இடங்களைப் பங்கிட்டுப் பார்த்தது. 1968-இல் உச்ச நீதிமன்றம் அம்முறை செல்லாது என்றது. ஒரு மாவட்டத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன் தள்ளப்பட்டு, வேறு மாவட்டத்தில் அவனினும் குறைந்தவன் சேர்க்கப்படுவது சமத்துவத்துக்கு முரண் என்று கருதியது.

மாணவனுக்கும் மாணவனுக்கும் இடையே நியாயம் என்று பார்த்தால் இத்தீர்ப்பு சரியே. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் காட்சி மாறுகின்றது. எந்த மாணவன் பிற்காலத்தில் சிற்றூரில் தங்குவான் என்பது பல நாடுகளில் ஆராயப்பட்ட பொருள். உலகச் சுகாதார நிறுவனம் 2010-இலும் 2021-இலும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இரண்டும் ஊரகப் பின்னணி உள்ள மாணவரைச் சேர்க்கவும், தலைநகருக்கு வெளியே கல்லூரிகளை அமைக்கவும் பரிந்துரைக்கின்றன. நம் திட்டம் இரண்டாவதைச் செய்தது; முதலாவதைத் தொடவில்லை.

ஜப்பான் இவ்விரண்டையும் சேர்த்துச் செய்து காட்டியிருக்கின்றது. 1972-இல் அந்நாட்டின் 47 மாவட்ட அரசுகளும் கூடி ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கின. (அவர்களுடைய மாவட்டம் நம் மாவட்டத்தைவிட அதிகாரம் மிக்கது.) ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர்களைத் தேர்ந்தனுப்புகின்றது. ஆறாண்டுப் படிப்புச் செலவு கடனாகக் கொடுக்கப்படுகின்றது. படித்தவர் தம் மாவட்டத்துக்குத் திரும்பி, தீவுகளிலும் மலைப்பகுதிகளிலும் பணியாற்றுவது உள்பட ஒன்பது ஆண்டுகள் ஊழியம் செய்தால் கடன் தள்ளுபடியாகும். ஒன்பது ஆண்டு முடிந்தபின் எல்லாரும் டோக்கியோவுக்கு ஓடிவிட்டார்களா என்றால், இல்லை. மூவரில் இருவருக்குக் குறையாமல் சொந்த மாவட்டத்திலேயே தங்கியிருக்கின்றார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் நாட்டிலும் பல மாநிலங்கள் மாணவரிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்குகின்றன. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆனால் வெறும் பத்திரத்துக்கும் ஜிச்சிக்கும் வேறுபாடு உண்டு. அங்கே, அனுப்பும் மாவட்டமே பணம் கொடுக்கின்றது, அதுவே வேலையும் கொடுக்கின்றது; மாணவன் எந்த ஊருக்காகப் படிக்கின்றான் என்பது முதல் நாளே அவனுக்குத் தெரியும்.

தமிழகத்தில் இத்திசையில் நடந்த ஒரு பெரிய முயற்சி 2020-ஆம் ஆண்டுச் சட்டமாகும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்த அச்சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் செல்லும் என்றது. அவர்களுடைய படிப்புச் செலவையும் அரசே ஏற்கின்றது. கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. இவ்வொதுக்கீட்டில் சேர்ந்து பட்டம் பெறுவோர் எங்கே பணியாற்றுகின்றார்கள் என்று இப்போதே பதிவேடு வைத்துக் கவனித்து வந்தால், பத்தாண்டுகளில் நம் நாட்டுக்கே உரிய விடை ஒன்று கிடைக்கும். அப்படியொரு பதிவேட்டுக்குச் சில எழுத்தர்களும் ஒரு கணினியும் போதும்.

மாநிலத்தை ஒரே பாத்திரமாக எண்ணி அளப்பதில் உள்ள பிழைக்கு இன்னொரு சான்று உண்டு. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம், பத்து இலட்சம் மக்களுக்கு நூறு எம்.பி.பி.எஸ். இடங்கள் என்ற வரம்பை வகுத்தது. தமிழகத்தில் அரசு, தனியார் கல்லூரிகளைச் சேர்த்து 11,000-க்கு மேற்பட்ட இடங்கள் இருப்பதால் வரம்பு முன்பே கடந்துவிட்டது. விதி அப்படியே நடைமுறைக்கு வந்திருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத தென்காசிக்கும் மயிலாடுதுறைக்கும் இனி இல்லை என்றே பொருள். மாநிலம் எதிர்த்தது; ஆணையம் விதியை நிறுத்தி வைத்தது. நல்லதே. ஆயினும் சென்னையைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரி இடங்களைக் காட்டித் தென்காசிக்காரரிடம் உங்களுக்குப் போதும் என்று சொல்லும் கணக்கு எத்தகைய கணக்கு?

பயிற்சியைக் கிராமத்தோடு இணைக்கும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும் என்று மருத்துவக் கல்வித் திருத்தத் திட்டம் கூறியது. அது வேர் பிடிக்கவில்லை. 2021-இல் மேற்படிப்புக்குச் சேர்ந்தவர்கள் முதலாக, ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி வந்துள்ளது. போர் குழு சொன்னதும் மூன்று மாதம்தான் என்பது நினைவிருக்கட்டும். எண்பது ஆண்டுகளாக நாம் மூன்றிலிருந்து நகரவில்லை.

2025 செப்டம்பரில் மைய அமைச்சரவை அடுத்த தவணைக்கு ஒப்புதல் அளித்தது. 5,000 மேற்படிப்பு இடங்கள், 5,023 எம்.பி.பி.எஸ். இடங்கள், இடம் ஒன்றுக்கு உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். 10,023-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 15,034 கோடியே 50 இலட்சம். ஒதுக்கப்பட்ட தொகையும் அதுவே. பணத்தில் ஏறத்தாழ பாதி மேற்படிப்புக்குத் திரும்பியிருப்பது பழைய திட்டத்தைவிடத் தெளிவான சிந்தனை என்போம். ஆனால் அளவுகோல் இன்னும் 'இடம்' என்பதாகவே இருக்கின்றது. அந்த 5,000 மேற்படிப்பு இடங்களில் மயக்கவியலுக்கு எத்தனை, உடற்கூற்றியலுக்கு எத்தனை, அவற்றுள் விருதுநகர் போன்ற மாவட்டக் கல்லூரிகளில் எத்தனை, சென்னையில் எத்தனை என்பதில்தான் ஒன்றரைக் கோடியின் பயன் இருக்கின்றது. பதினொரு கல்லூரிகளிலும் 2022 தொடக்கத்தில் சேர்ந்த முதல் அணியினர் உள்ளிருப்புப் பயிற்சியையும் முடித்து வெளிவருவது 2027-இல். அவர்களுக்கென்று எந்த வட்ட மருத்துவமனையில் எத்தனைப் பணியிடங்கள் தோற்றுவிக்கப்பட்டுள்ளன என்பதை அந்தந்த மாவட்டத்து வாசகர்கள் கேட்டறியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதற்கு விண்ணப்பிக்கப் பத்து ரூபாய்தான் கட்டணம்.